வழிகாட்டியுடன் கிராமப்புற நடைப்பயணம்: வரிசையின் கடைசியிலிருந்து ஒரு பார்வை

கேள்வியின் சுருக்கம் இது: ஐந்து நாள்கள், நாளொன்றுக்கு 15 முதல் 18 கிலோமீட்டர் வரை, வழிகாட்டி ஒருவருடன் கிராமப்புற வழிகளில் நடக்கும் பயணம் ஒன்றில் சேர எண்ணுகிறீர்கள், உடன் வருபவர் அறுபதை நெருங்கும் உங்கள் அம்மா. இருவரும் தினமும் சமதரையில் நடந்து பழகியவர்கள், ஆனால் தொடர்ந்து பல நாள் நடந்ததில்லை. கைபேசியிலேயே வரைபடம் இருக்கும்போது வழிகாட்டிக்கு எதற்குப் பணம் கொடுக்க வேண்டும், குழுவில் மற்றவர்களுக்குப் பாரமாகிவிடுவோமா, மீதமுள்ள ஒன்பது வாரத்தில் எப்படித் தயாராவது என்று மூன்றைக் கேட்டிருக்கிறீர்கள். பல ஆண்டுகள் இத்தகைய குழுக்களை அழைத்துச் சென்றவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

நடுவில் உள்ள கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற இரண்டுக்கும் உரிய விடையில் பாதி அதற்குள்தான் இருக்கிறது. குழுவாக நடந்தால் யாராவது ஒருவர் கடைசியில் வந்தே தீருவார். அது வெறும் கணக்கு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு பயணம் ஒழுங்காக நடத்தப்படுகிறதா என்பதை முன்னால் போகிறவர்களின் உற்சாகத்தை வைத்துச் சொல்ல முடியாது. கடைசியில் வருபவருக்கு ஓய்வு கிடைக்கிறதா என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். பன்னிரண்டு பேர் கொண்ட குழு ஒரு மேய்ச்சல் நிலத்தின் வேலியை அடைகிறது. வேலியைத் தாண்ட இரண்டு மரப்படிகள்தான் உண்டு. ஒருவர் ஏறி இறங்க அரை நிமிடம் ஆகும். பன்னிரண்டு பேருக்கு ஆறு நிமிடம். முதலில் தாண்டியவர் அப்படியே நடையைக் கட்டினால், கடைசி ஆள் படியிலிருந்து இறங்கும் நேரத்தில் அவர் ஏறத்தாழ நானூறு மீட்டர் போயிருப்பார். அந்த இடைவெளியைக் கடைசி ஆள் ஓட்டமும் நடையுமாகத்தான் அடைக்க வேண்டும். மூச்சிரைக்க அவர் வந்து சேர்வதற்குள் முன்னால் போனவர்கள் பையை இறக்கி, தண்ணீர் குடித்து, கால் நீட்டி உட்கார்ந்து முடித்திருப்பார்கள். அவர் தலையைக் கண்டதும், “எல்லாரும் வந்தாயிற்று, கிளம்பலாம்” என்று எழுந்துவிடுவார்கள். ஓய்வு யாருக்குத் தேவையோ அவருக்கு மட்டும் அது கிடைக்கவில்லை. ஒரு நாளில் இது பத்துப் பதினைந்து முறை நடந்தால் மாலையில், “அம்மாவுக்கு முடியவில்லை” என்று பேச்சு எழும். உண்மையில் அம்மாவுக்கு முடியாமல் போகவில்லை. நடத்தியவருக்கு நடத்தத் தெரியவில்லை.

தெரிந்தவர் என்ன செய்வார் என்றால், வேலியைத் தாண்டியதும் வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்வார், அல்லது தாண்டிய இடத்திலேயே நின்று எதையாவது காட்டிப் பேசிக்கொண்டிருப்பார். மெதுவாக நடப்பவரை வரிசையின் வாலில் விடாமல் தமக்குப் பின்னால் இரண்டாவது ஆளாக வைத்துக்கொள்வார். அந்த இடத்தில் நடப்பவருக்கு யாரையும் எட்டிப் பிடிக்க வேண்டிய அவசியம் இல்லை, பின்னால் வருபவர்களின் வேகமும் தானாக அடங்கிவிடும். வரிசைக் கடைசியில் பொறுப்பான ஒருவரை நிறுத்தி, அவரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது என்று காலையிலேயே சொல்லிவிடுவார். ஓய்வு நேரத்தைக் கடைசி ஆள் உட்கார்ந்த நொடியிலிருந்துதான் எண்ணுவார். முதல் ஒரு மணி நேரம் எல்லாருக்கும் சற்றுச் சலிப்பூட்டும் அளவுக்கு மெதுவாகவே நடப்பார். நடந்துகொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்பதே சரியான வேகத்துக்கு அளவுகோல்; இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று பொருள். அதனால், இப்படி நடத்துபவரிடம் சேர்ந்தால் நீங்கள் யாருக்கும் பாரமாக மாட்டீர்கள். இப்படி நடத்தத் தெரியாதவரிடம் சேர்ந்தால் நன்றாக நடக்கக்கூடியவர்கூட ஒருநாள் பாரமாவார்.

விளம்பரத்தில் உள்ள கிலோமீட்டர் கணக்கைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் வகுத்த ஒரு கணக்கு இன்றுவரை புழக்கத்தில் உள்ளது. மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு இரண்டாயிரம் அடிக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம் என்பது அவர் கணக்கு. மெட்ரிக்கில் அதை 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி என்று தோராயமாக வைத்துக்கொள்கிறார்கள். 16 கிலோமீட்டரும் மொத்தம் 500 மீட்டர் ஏற்றமும் உள்ள ஒரு நாளை இதில் போட்டால் நான்கு மணி நேரம் வரும். நடைமுறையில் ஒரு குழு அதே நாளை முடிக்க ஆறிலிருந்து ஏழு மணி நேரம் ஆகும். நெய்ஸ்மித் உடல் தகுதியுள்ள, நிற்காமல் நடக்கும் ஆளை மனத்தில் வைத்து எழுதினார். நம் குழுவோ வழியில் வரும் வேலிக் கதவுகளைத் திறந்து மூடும், காலணிக் கயிறு கட்டும், படம் எடுக்கும், மரத்தடியில் உட்காரும். ஆகவே தூரத்தை மட்டும் சொல்லி ஏற்றத்தைச் சொல்லாத அறிவிப்பை நம்பாதீர்கள். “எளிது”, “நடுத்தரம்”, “கடினம்” என்ற தரப் பெயர்களுக்கும் எல்லாருக்கும் பொதுவான வரையறை எதுவும் கிடையாது. ஒருவரின் நடுத்தரம் இன்னொருவரின் கடினம். நாள்வாரியாக எத்தனை கிலோமீட்டர், மொத்தம் எத்தனை மீட்டர் ஏற்றம், எத்தனை மீட்டர் இறக்கம் என்ற மூன்று எண்ணையும் கேட்டு வாங்குங்கள். இறக்கத்தை ஏன் தனியாகக் கேட்கச் சொல்கிறேன் என்பது பின்னால் வரும்.

இனி, கைபேசி இருக்க வழிகாட்டி எதற்கு என்ற கேள்வி. திசை காட்டுவதற்கு மட்டும் என்றால், பல நாடுகளில் வழிகாட்டி தேவையே இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பிரான்ஸின் நெடுந்தூரப் பாதைகளில் வெள்ளைக் கோட்டின் கீழ் சிவப்புக் கோடு என்று மரத்திலும் பாறையிலும் வரைந்திருப்பார்கள். அதே இரு நிறங்கள் பெருக்கல் குறியாக இருந்தால் தவறான வழி என்று பொருள். சுவிட்சர்லாந்தில் சாதாரண நடைபாதைக்கு மஞ்சள், மலைப் பாதைக்கு வெள்ளை–சிவப்பு–வெள்ளை, அதைவிடக் கடினமானதற்கு வெள்ளை–நீலம்–வெள்ளை என்று குறியைப் பார்த்தே பாதையின் தன்மையை அறியலாம். படிக்கத் தெரிந்தவர் தனியே போய்விடலாம்.

ஆனால் வரைபடத்தில் உள்ள கோடு அசையாது, நிலம் அசையும். போன வாரம் வரை பாதையாக இருந்த வயல் இன்று உழுது கிடக்கும். மேலே பெய்த மழையில் ஓடையின் கடவுக்கல் மூழ்கியிருக்கும். நேற்று வெறுமையாக இருந்த மேய்ச்சல் நிலத்தில் இன்று கன்றுகளோடு மாடுகள் நிற்கும். இவற்றை முன்கூட்டியே அறிந்து, வழியைச் சத்தமில்லாமல் மாற்றிக்கொள்பவரே வழிகாட்டி. நல்ல வழிகாட்டியுடன் போகிறவர்களுக்கு, வழி மாறியதே பெரும்பாலும் தெரியாது. அதனாலேயே அவர் சும்மா கூட வந்தார் என்று நினைத்துவிடுவதும் உண்டு.

இன்னொன்று, காலுக்குக் கீழே உள்ள நிலம் பெரும்பாலும் யாரோ ஒருவருடையது என்பது. இந்த விஷயத்தில் சட்டம் இடத்துக்கு இடம் வெகுவாக மாறும். ஸ்வீடனில் எவர் நிலத்திலும் தீங்கின்றி நடக்கலாம் என்ற உரிமை அரசமைப்பிலேயே குறிப்பிடப்பட்டுள்ளது. ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் ஏறத்தாழ அதே உரிமையைப் பொறுப்புடன் பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு அளித்தது. பக்கத்திலேயே உள்ள இங்கிலாந்தில் நிலைமை வேறு: அங்கே பொதுவாகக் குறிக்கப்பட்ட பாதையில் நடக்கத்தான் உரிமை, அதை விட்டு விலகினால் அத்துமீறல். அந்த உரிமையும் சும்மா வந்துவிடவில்லை. 1932 ஏப்ரல் 24 அன்று கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டு நிலத்தில் நூற்றுக்கணக்கானோர் வேண்டுமென்றே எல்லை மீறி நடந்தார்கள். ஐவர் சிறை சென்றார்கள். 1949-இல் தேசியப் பூங்காக்களுக்கும் கிராமப்புற நடமாட்டத்துக்குமான சட்டம் வந்தது. நாட்டின் முதல் நெடுந்தூர நடைபாதையான பென்னைன் வே 1965-இல் திறக்கப்பட்டபோது அதே ஏப்ரல் 24 அமைந்தது. இப்படிப்பட்ட எழுதிய உரிமை இல்லாத இடங்களே உலகில் அதிகம். அங்கெல்லாம் பாதை என்பது நிலக்காரரின் நல்லெண்ணம். அந்த நல்லெண்ணத்தைப் பல ஆண்டுகளாகக் கட்டிக்காத்து வருபவர் வழிகாட்டி. திறந்திருந்த கதவைத் திறந்தபடியும் மூடியிருந்ததை மூடியபடியும் விட்டுச் செல்வது, பயிருக்குள் ஒற்றை வரிசையில் நடப்பது என்று அவர் ஓயாமல் சொல்வதற்குக் காரணம் உண்டு. நீங்கள் ஒருநாள் வந்து போவீர்கள். அவர் அடுத்த வாரமும் அதே கதவைத் திறக்க வேண்டும்.

மூன்றாவதாக, நிலத்தைப் படித்துக் காட்டுவது. நான் இந்தத் தொழிலில் நீடித்ததற்கு இதுவே காரணம் என்பதால் சற்று நீட்டிச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் ஆள் உயரத்துக்கு மண்சுவர் எழும்பி, வேர்கள் தொங்க, பள்ளத்தில் ஓடும் ஒரு பழைய பாதையில் நடக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். யாரும் அதை வெட்டவில்லை. மிருதுவான பாறையின் மேல் நூற்றாண்டுக் கணக்கில் காலும் குளம்பும் சக்கரமும் மண்ணைத் தளர்த்த, தளர்ந்ததை மழைநீர் அடித்துச் செல்ல, பாதை தானாகவே கீழே இறங்கியிருக்கிறது. அதில் நடக்கும்போது உங்களுக்கு முன்னால் நடந்தவர்கள் தேய்த்த ஆழம் உங்கள் தோளுக்கு மேலே நிற்கும்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் சில புல்வெளிகளில் சாய்வான மாலை வெயில் விழும்போது, தரையில் அலை அலையாக மேடும் பள்ளமும் தெரியும். இடைக்காலத்து உழவின் தடம் அது. பிறகு உழாமல் மேய்ச்சலுக்கு விட்டதால் அழியாமல் நின்றுவிட்டது. கூர்ந்து பார்த்தால் அந்த வரிசைகள் நேராக ஓடாமல், திருப்பிப் போட்ட ஆங்கில எஸ் எழுத்தைப் போல இரு முனைகளிலும் லேசாக வளைந்திருக்கும். எட்டு எருதுவரை பூட்டிய நீண்ட ஏரை வயலின் ஓரத்தில் சட்டென்று திருப்ப முடியாது. ஓரம் வருவதற்கு முன்பே மாடுகளை ஒருபக்கமாக வளைக்கத் தொடங்க வேண்டும். அந்த வளைவுதான் இது. கைபேசி உங்களை அந்தப் புல்வெளியின் குறுக்கே சரியாக அழைத்துச் சென்றுவிடும், ஆனால் எருதுகள் திரும்பிய இடத்தில் நிறுத்தாது.

இதே வகையில் உயிர்வேலிகளின் வயதைக் கணிக்க மாக்ஸ் ஹூப்பர் என்ற உயிரியலாளர் ஒரு முறையைச் சொன்னார்: முப்பது கஜ நீளத்தில் எத்தனை வகை மரமும் புதரும் உள்ளனவோ, வேலிக்கு ஏறத்தாழ அத்தனை நூற்றாண்டு வயது. பிற்கால ஆய்வாளர்கள் இதை அப்படியே ஏற்கவில்லை, ஒரே நாளில் பல வகை நட்ட வேலிகளும் உண்டு. இருந்தாலும் களைத்துப் போன குழுவை வேலியோரம் நிறுத்தி இலை எண்ண வைத்தால், ஓய்வு கேட்க வெட்கப்பட்டவர்களுக்கும் பத்து நிமிட ஓய்வு கிடைத்துவிடும். நான் அந்த முறையைப் பெரும்பாலும் இதற்காகத்தான் பயன்படுத்தினேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்ளலாம்.

பணம் கட்டுவதற்கு முன் அமைப்பாளரிடம் என்ன கேட்பது? முதல் கேள்வி: “நடுவழியில் ஒருவரால் நடக்க முடியாமல் போனால் என்ன செய்வீர்கள்?” வழியில் எந்தெந்த இடத்தில் சாலை குறுக்கிடுகிறது, வண்டி எவ்வளவு நேரத்தில் வரும், அவருடன் யார் போவார், மீதிக் குழுவை யார் பார்ப்பார் என்று விவரமாகப் பதில் வந்தால் நம்பலாம். “அப்படியெல்லாம் நடக்காது, கவலைப்படாதீர்கள்” என்று வந்தால் வேறு இடம் பாருங்கள். அடுத்து, குழுவில் எத்தனை பேர், எத்தனை வழிகாட்டிகள் என்று கேளுங்கள். ஒருவரே நடத்துவதானால் எட்டுப் பேர் நல்லது, பன்னிரண்டு என் வரம்பு. வழிகாட்டியிடம் நடப்பில் உள்ள முதலுதவிச் சான்றிதழ் இருக்கிறதா என்பதும், நடக்கப் போகும் நிலத்துக்கு ஏற்ற பயிற்சித் தகுதி இருக்கிறதா என்பதும் கேட்கத் தகுந்தவை. பிரிட்டனில் தாழ்நிலத்துக்கு ஒரு தகுதி, குன்றுக்கும் மேட்டு நிலத்துக்கும் ஒன்று, மலைக்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். மலை ஏறத் தெரிந்தவருக்கு வயல்வெளியில் குழுவை நடத்த வரும் என்று நாமாக எண்ணிக்கொள்ளக் கூடாது. பெட்டிகளை ஒரு தங்குமிடத்திலிருந்து அடுத்ததற்கு வண்டியில் கொண்டு சேர்ப்பார்களா என்பதையும் உறுதிப்படுத்துங்கள். தோளில் ஐந்து கிலோவுடன் நடப்பதற்கும் பன்னிரண்டு கிலோவுடன் நடப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அம்மாவின் முழங்கால் சொல்லும்.

கால்கள்தான் முழுப் பயணத்தையும் முடிவு செய்கின்றன, எனவே அவற்றுக்கு வருவோம். கொப்புளம் வெளியிலிருந்து தேய்ந்து வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் காலணிக்குள் எலும்பு ஒரு திசையில் நகர, காலுறையோடு ஒட்டிக்கொண்ட மேல்தோல் நகராமல் நிற்க, இடையில் உள்ள தோல் அடுக்குகள் ஒவ்வொரு அடியிலும் இழுபடுகின்றன. ஆயிரக்கணக்கான இழுப்புக்குப் பிறகு அந்த அடுக்குகளுக்குள் பிளவு விழுந்து நீர் கோர்க்கிறது. ஈரத் தோல் இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும் என்பதால் வியர்வையும் மழையும் நிலைமையை மோசமாக்கும். கொப்புளம் எழுவதற்கு முன் ஓர் இடம் சூடாகச் சுடுவது போல உணரும். சரியாக அந்தக் கணத்தில் நின்று, காலணியைக் கழற்றி, தோலை உலர்த்தி, ஒட்டுப் பட்டையைச் சுருக்கமில்லாமல் ஒட்டினால் ஐந்து நிமிடத்தில் கதை முடிந்தது. ஒருமுறை என் குழுவில் வந்தவர், தன்னால் எல்லாரும் நிற்க வேண்டுமே என்று கூச்சப்பட்டு, காலை பத்து மணிக்குத் தொடங்கிய சூட்டை மாலைவரை யாரிடமும் சொல்லவில்லை. காலுறையைக் கழற்றியபோது குதிகாலின் பின்புறம் முழுவதும் ஒரே கொப்புளம். அடுத்த இரண்டு நாளை அவர் பெட்டிகளோடு வண்டியில் கழித்தார். அதன் பிறகு, நடக்கத் தொடங்கி நாற்பது நிமிடத்தில், “யாருக்குக் கால் சுடுகிறது?” என்று நானே ஒவ்வொருவரிடமும் பெயர் சொல்லிக் கேட்கும் வழக்கத்தை வைத்துக்கொண்டேன். உங்கள் வழிகாட்டி கேட்காவிட்டாலும் நீங்கள் அம்மாவைக் கேளுங்கள். பொதுவாக, “ஒன்றுமில்லை, நடக்கலாம்” என்றுதான் பதில் வரும். அதை நம்பாமல் ஒருமுறை காலுறையைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

காலணியை மாலையில் வாங்குங்கள். நாள் முழுவதும் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும், பயணத்திலும் அப்படித்தான் இருக்கும். நடக்கப் போகும் காலுறையை அணிந்தே அளவு பாருங்கள். கயிறு கட்டாத நிலையில் காலை முன்னுக்குத் தள்ளினால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய இடம் வேண்டும், கட்டிய பின் குதிகால் மேலெழும்பக் கூடாது. நீண்ட இறக்கத்துக்கு முன் நின்று, கணுக்கால் பகுதியில் கயிற்றை இழுத்து இறுக்கி மறுபடி கட்டுங்கள். இல்லையென்றால் கால் முன்னுக்கு வழுக்கி, பெருவிரல் நகம் காலணி முனையில் இடித்து இடித்துக் கறுத்துவிடும். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே நகத்தை வெட்டிவிடுங்கள். புதுக் காலணியைப் பயணத்தின் முதல் நாளில் அணிவதைப் பற்றி நான் எதுவும் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

உடையைப் பற்றிச் சுருக்கமாக: பருத்தி நனைந்தால் உலராது, உடம்போடு ஒட்டிக் குளிரைக் கூட்டும், கம்பளி அல்லது விரைவில் உலரும் செயற்கை இழை நல்லது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி செல்சியஸ் குறையும் என்பதால் குன்றின் மேல் காற்றில் நிற்கும்போது போட்டுக்கொள்ள ஒரு மேலாடை பையில் இருக்கட்டும். மழைச் சட்டை வானம் எப்படி இருந்தாலும் வர வேண்டும். ஆளுக்கு ஒரு விசில் வேண்டும்: நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதுவது மலைப்பகுதிகளில் உதவி கேட்கும் குறி, நிமிடத்துக்கு மூன்று முறை ஊதினால் கேட்டுவிட்டது என்று பதில்.

கிராமப்புறத்தில் மக்கள் பாம்பை நினைத்துப் பயப்படுகிறார்கள், அதேபோல் பயப்பட வேண்டிய மாட்டைத் தட்டிக்கொடுக்கப் போகிறார்கள். கன்றோடு நிற்கும் பசுவுக்கும் அதன் கன்றுக்கும் இடையில் ஒருபோதும் புகாதீர்கள். சுற்றிப் போக வழியிருந்தால் சுற்றியே போங்கள். குழுவில் யாராவது நாயுடன் வந்து மாடு துரத்தினால், நாயை விட்டுவிட வேண்டும். மாட்டின் கோபம் நாய் மீதுதான், அது ஓடித் தப்பித்துக்கொள்ளும். மற்றொன்று உண்ணி. உயரமான புல்லிலும் புதரிலும் நடந்த நாளின் மாலையில் முழங்காலின் பின்புறம், இடுப்பு, அக்குள், தலைமுடியின் ஓரம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கடித்திருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக, நிதானமாக இழுத்தெடுங்கள். எண்ணெய் தடவுவதும் நெருப்பு காட்டுவதும் வேண்டாம். உண்ணிக் கடியால் தொற்றும் லைம் நோய் உள்ள பகுதிகளில் கடிபட்ட இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் பரவுகிறதா என்று ஒரு மாதம் கவனித்து, பரவினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இனி ஒன்பது வாரம். இறக்கத்தைத் தனியே கேட்கச் சொன்னதற்குக் காரணம் இங்கே. ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி வேலை செய்கிறது. மூச்சு வாங்கும், ஆனால் பெரிய சேதமில்லை. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்கிப் பிடிக்கிறது. அந்த வேலையில் தசை நார்களில் நுண்ணிய கிழிசல்கள் ஏற்படும், வலி அன்றே தெரியாது, ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சம் அடையும். முதல் நாள் இறங்கியவர்களுக்கு மூன்றாம் நாள் காலையில் படி இறங்கவே முடியாமல் போவது இதனால்தான். பல நாள் பயணங்களில் பலரும் கைவிட நினைப்பது அந்த மூன்றாம் நாளில்தான். நல்ல செய்தி என்னவென்றால், ஒருமுறை இப்படி வலித்து ஆறிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையை வெகு குறைந்த வலியோடு தாங்கும். சமதரையில் எத்தனை கிலோமீட்டர் நடந்தாலும் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது; இறங்கிப் பழகினால்தான் கிடைக்கும்.

ஆகவே முதல் மூன்று வாரம், இப்போது நடக்கும் நடையோடு வாரத்தில் இரண்டு நாள் மாடிப்படி சேர்த்துக்கொள்ளுங்கள். ஏறுவதைவிட இறங்குவதைக் கவனித்துச் செய்யுங்கள்: கைப்பிடியைத் தொட்டபடி, பாதத்தை மெதுவாக வைத்து, முதல் நாள் ஐந்து மாடிக்கு மேல் வேண்டாம். அம்மாவுக்கு முழங்கால் வலி ஏற்கெனவே இருந்தால் படிப் பயிற்சிக்கு முன் மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது. நான்காம் வாரத்திலிருந்து வாரத்துக்கு ஒரு நீண்ட நடை: எட்டு, பத்து, பன்னிரண்டு, பதினான்கு கிலோமீட்டர் என்று கூட்டி, கரடுமுரடான தரை கிடைத்தால் அதில் நடந்து, பயணத்தில் சுமக்கப் போகும் பையோடும் காலணியோடும் பழகுங்கள். இரண்டு நடைத்தடிகளையும் அப்போதே கையில் எடுங்கள். இறக்கத்தில் முழங்காலின் சுமையை அவை குறைக்கும், ஆனால் பழகாதவர் கையில் அவை காலைத் தட்டிவிடும். எட்டாம் வாரத்தில், இரண்டு நாள் அடுத்தடுத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடந்து பாருங்கள். முதல் நாள் நடை எதையும் சொல்லாது. இரண்டாம் நாள் காலையில் அதே காலணிக்குள் காலை நுழைக்கும்போதுதான் எந்த இடம் தேய்கிறது, எந்தக் காலுறை சரியில்லை என்பதெல்லாம் தெரியவரும். ஒன்பதாம் வாரம் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

அந்த இரட்டை நடையின்போது ஒரு மணி நேரம் அம்மாவை முன்னால் விட்டு, நீங்கள் பின்னால், அவர் வேகத்திலேயே நடந்து பாருங்கள். ஒரு மணி நேரத்தில் எத்தனை கிலோமீட்டர் வருகிறது என்று குறித்துக்கொண்டு, அந்த எண்ணை அமைப்பாளருக்கு எழுதி, “இந்த வேகத்துக்கு உங்கள் குழு ஒத்துவருமா?” என்று கேளுங்கள். முழு ஓய்வுடன் சேர்த்து மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் வந்தால்கூடப் பதினாறு கிலோமீட்டர் நாளை ஆறரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். மேலே சொன்ன குழுக் கணக்கும் ஏறத்தாழ அதுதான்.